வோல்ட் எண் மட்டும் போதாது: இ-சிகரெட்டில் மின்னழுத்தமும் காயில் மின்தடையும்

2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வுக் கடிதம் வெளியானது. எழுதியவர்கள் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஓர் இ-சிகரெட்டை முதலில் 3.3 வோல்ட்டிலும் பிறகு 5 வோல்ட்டிலும் இயக்கி, வெளிவந்த ஆவியைச் சோதித்திருந்தார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் எதுவும் தென்படவில்லை. 5 வோல்ட்டில் ஏராளமாகத் தென்பட்டன. அப்படியே நாள்தோறும் பல ஆண்டுகள் இழுத்தால், ஃபார்மால்டிஹைடு வழியாக வரக்கூடிய புற்றுநோய் அபாயம் நெடுநாள் சிகரெட் பிடிப்பவருக்கு இருப்பதைப்போல 5 மடங்காகலாம், 15 மடங்குகூட ஆகலாம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள்.

செய்தி உலகெங்கும் பரவியது. பரவியபோது மக்கள் மனத்தில் தங்கியது ஒரே ஒரு விஷயம்: 3.3 வோல்ட் பரவாயில்லை, 5 வோல்ட் ஆபத்து. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். தங்கள் கருவியில் 3.5 என்று எண் தெரிந்தால் நிம்மதி அடைகிறார்கள், 4.5 என்று தெரிந்தால் பயப்படுகிறார்கள். இரண்டுக்குமே அந்த எண்ணில் ஆதாரம் இல்லை. எந்தக் காயிலில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் எந்தக் கம்பிச் சுருளில், அந்த வோல்ட் பாய்கிறது என்று தெரியாதவரை, வோல்ட் எண் எதையும் சொல்வதில்லை. காயில் தெரிந்த பிறகும் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். அந்த மீதிக் கதையைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரப்படுத்துவது, சேமித்து வைப்பது எல்லாமே 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை விதித்துவிட்டது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே இங்கே பேசப்படுவது இவை சட்டப்படி விற்கப்படும் நாடுகளின் நடைமுறை. குறிப்பாக பிரிட்டன். அங்கே சிகரெட்டை விடுவதற்கான வழியாக அரசே இதைப் பரிந்துரைக்கிறது. 2023இல் பத்து லட்சம் பேருக்குத் தொடக்கக் கருவிகளை இலவசமாகத் தரும் திட்டத்தையும் அறிவித்தது. சிகரெட் பழக்கமே இல்லாதவருக்கு இந்தக் கருவியில் சரியான அமைப்பு என்று ஒன்று கிடையாது. நிகோடின் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது.

கருவியின் உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். பேட்டரி ஒரு சிறிய கம்பிச் சுருளுக்கு மின்சாரம் தருகிறது. அந்தச் சுருளைத்தான் காயில் என்கிறார்கள். காயிலுக்குள்ளோ அதைச் சுற்றியோ பருத்தித் திரி இருக்கும். திரி திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கம்பி சூடாகும்போது திரவம் ஆவியாகிறது. திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பின்னது 290 டிகிரியில். இரண்டும் கலந்திருப்பதால் கலவையின் கொதிநிலை இவற்றுக்கு நடுவே எங்கோ அமையும். நிகோடினும் மணப்பொருள்களும் சிறு அளவில் சேர்ந்திருக்கும்.

எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பதைச் சொல்வது வாட். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வோல்ட் இருமடியாக வருவதால், அதைக் கொஞ்சம் ஏற்றினாலே வெப்பம் மளமளவென்று ஏறிவிடும். ஒரே காயிலில் 3.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்குப் போனால் மின்னழுத்தம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கும். வெப்பமோ 2.3 மடங்கு கூடியிருக்கும். 2.2 ஓம் மின்தடையுள்ள காயில் என்றால் 5 வாட்டிலிருந்து 11.4 வாட்டுக்குத் தாவுகிறது.

மின்தடையை மாற்றிப் பாருங்கள். 3.7 வோல்ட் அப்படியே இருக்கட்டும். 2.4 ஓம் காயிலில் அது 5.7 வாட். 1.8 ஓமில் 7.6 வாட். 1 ஓமில் 13.7 வாட். 0.5 ஓமில் 27 வாட்டைத் தாண்டும். 0.2 ஓமில் 68 வாட். "நான் 3.7 வோல்ட்டில்தான் இழுக்கிறேன்" என்று இரண்டு பேர் சொன்னால், ஒருவர் மற்றவரைவிடப் பன்னிரண்டு மடங்கு வெப்பத்தில் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் வாட்டைப் பார்த்தால் போதுமா? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது, ஏனென்றால் வாட் எண்ணும் தனித்து நிற்பதில்லை. அந்த வெப்பம் எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பது அதே அளவுக்கு முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கான்தால் கம்பியை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலம் காயில்களுக்கு இதையே அதிகம் பயன்படுத்தினார்கள். 0.32 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் 1.8 ஓம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் நீளம் சுற்ற வேண்டும். 0.2 மில்லிமீட்டர் கம்பியில் அதே 1.8 ஓம் கிடைக்க 39 மில்லிமீட்டர் போதும். மெல்லிய கம்பிக்குத் தடை அதிகம் என்பதால் நீளம் குறைந்துவிடுகிறது. இப்போது திரவத்தைத் தொடும் புறப்பரப்பைப் பாருங்கள். தடித்த கம்பிக்கு ஏறக்குறைய 100 சதுர மில்லிமீட்டர். மெல்லியதற்கு 25கூட இல்லை. இரண்டுக்கும் 10 வாட் கொடுத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் வெப்பம் மெல்லியதில் நான்கு மடங்கு. ஓம் ஒன்று, வோல்ட் ஒன்று, வாட் ஒன்று. ஆனால் ஒன்று இதமாக ஆவி தரும், மற்றது தொண்டையைச் சுடும். கம்பிக்குப் பதிலாகச் சல்லடை போன்ற மெல்லிய உலோகத் தகட்டைப் பயன்படுத்தும் மெஷ் காயில்கள் பரவியதற்குக் காரணமும் இந்தப் பரப்புதான். பரப்பு அதிகம், ஆகவே அதிக வாட்டையும் கருகாமல் தாங்குகின்றன.

அடுத்தது திரவம் வந்து சேரும் வேகம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் எண்ணம். திரியில் திரவம் இருக்கும்வரை, வெப்பம் அதை ஆவியாக்குவதில் செலவாகிறது; வெப்பநிலை கொதிநிலையை ஒட்டியே நிற்கிறது. திரவம் வந்து சேர்வதைவிட ஆவியாவது வேகமானால் திரி காய்கிறது. செலவாக வழியில்லாத வெப்பம் கம்பியின் வெப்பநிலையை ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறது. எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதுபோலத்தான். இப்போது கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் ஆவியாவதோடு நிற்காமல் சிதையத் தொடங்குகின்றன. கிளிசரினிலிருந்து அக்ரோலின், இரண்டிலிருந்தும் ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் பிறக்கின்றன. பருத்தியும் கருகுகிறது. இழுப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். கசப்பும் கருகலும் கலந்த சுவை வந்து இருமல் பீறிடும். இதை டிரை பஃப் என்கிறார்கள், அதாவது உலர்ந்த இழுப்பு.

2015 கடிதத்தின் மீது எழுந்த மறுப்பின் மையம் இதுதான். கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸும் உடன் ஆய்வாளர்களும் அதே ஆண்டு அடிக்ஷன் இதழில் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். அனுபவமுள்ளவர்களை முதலில் இழுக்கச் சொல்லி, எந்த வாட்டில் கருகல் சுவை வருகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு அதே அமைப்புகளை இயந்திரத்தில் ஓட்டி ஆவியை அளந்தார்கள். ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகளின் அளவு எகிறியது கருகல் சுவை வந்த இடங்களில்தான். 2017இல் அவர்கள், போர்ட்லேண்ட் ஆய்வில் இருந்ததைப் போன்ற பழைய வகை அணுவாக்கியை (காயிலும் திரியும் அடங்கிய பகுதியை) வைத்து மீண்டும் சோதித்தபோது, பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் 4.2 வோல்ட் அல்லது அதற்கும் கீழேயே "இது கருகுகிறது" என்று சொல்லிவிட்டார்கள். 5 வோல்ட்டில் அதை விடாமல் இழுக்க மனிதரால் முடியாது. இயந்திரத்துக்கு நாக்கு இல்லாததால் அது இழுத்துக்கொண்டே இருந்தது.

இந்த மறுப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "கருகல் சுவை வராதவரை எதுவும் இல்லை" என்ற முடிவுக்கு வருவதும் அதே அளவு தவறு. 2014இல் போலந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மின்னழுத்தத்தை 3.2இலிருந்து 4.8 வோல்ட்டுக்கு ஏற்றியபோது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு 4 மடங்கிலிருந்து 200 மடங்குக்கு மேல் வரை கூடியது. 2016இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ஒற்றைக் காயில் கருவியையும் இரட்டைக் காயில் கருவியையும் ஒப்பிட்டது. இரண்டிலும் வோல்ட் ஏற ஏற நச்சுப்பொருள் ஏறியது; ஒற்றைக் காயிலில் அது மேலும் அதிகம். ஒரே கருவியைச் சுத்தம் செய்யாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோதும் அளவு கூடியது, காயிலில் படிந்த எச்சம் மறுபடி மறுபடி வேகுவதால். ஆக, நாக்கு ஒரு நல்ல எச்சரிக்கை மணி. ஆனால் அது அடிப்பது கடைசிக் கட்டத்தில்தான். அதற்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. அந்தச் சரிவில் எவ்வளவு கீழே நிற்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இந்தக் கருவிகளில் எண்களைத் திருகும் வசதி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அறிவுரைகள் பல அந்தந்தக் காலக் கருவிகளுக்கானவை. 2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கிய முதல் கருவி, திரவத்தைச் சிதறடிக்க மீயொலி அதிர்வைப் பயன்படுத்தியது. பின்னர் வெப்பக் கம்பி அந்த இடத்தைப் பிடித்தது. தொடக்கக் காலப் பேனா வடிவக் கருவிகளில் எதையும் திருக முடியாது. லித்தியம் பேட்டரியின் இயல்பான மின்னழுத்தமான 3.7 வோல்ட்டை ஒட்டி வந்ததுதான் கிடைக்கும். ஆகவே அதிக ஆவி வேண்டுபவர்கள் ஓம் குறைந்த காயிலைத் தேடினார்கள். பிறகு அடிப்பக்கத்தைத் திருகி 3.2 முதல் 4.8 வோல்ட் வரை மாற்றக்கூடிய ஈகோ ட்விஸ்ட் போன்றவை வந்தன. "2.4 ஓம் காயிலுக்கு 4 வோல்ட் வை, 1.8க்கு 3.5 வை" என்பதுபோன்ற வாய்ப்பாடுகள் பிறந்த காலம் அது. அந்த வாய்ப்பாடுகள் ஒவ்வொன்றும் 6 வாட்டையும் 7 வாட்டையும் சுற்றி வருபவைதான்.

அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது, அதை அறிந்தவர்கள் குறைவு. மலிவான கருவிகள் சில, மின்னழுத்தத்தை உண்மையில் குறைக்கவில்லை. 6 வோல்ட் போன்ற உயர்ந்த மின்னழுத்தத்தை விட்டுவிட்டு, அதாவது வேகமாக அணைத்து ஏற்றி, சராசரியைக் கணக்கிட்டுத் திரையில் காட்டின. 3.7 என்று காட்ட வேண்டுமானால் 62 சதவீத நேரம் 6 வோல்ட்டைப் பாய்ச்சினால் போதும். ஆனால் கம்பியைச் சூடாக்குவது சராசரி வோல்ட் இல்லை. வெப்பம் வோல்ட்டின் இருமடியைப் பின்பற்றுவதால், கணக்கில் கொள்ள வேண்டியது மின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு. அது இங்கே 4.7 வோல்ட். 2 ஓம் காயிலுக்குத் திரை சொல்லும் கணக்கில் 6.8 வாட், கம்பி உண்மையில் வாங்கியது 11 வாட். திரையை நம்பியவர் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதலான வெப்பத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் 3.7லேயே ஏன் கருகுகிறது?" என்று அன்று கேட்டவர்களில் சிலருக்காவது விடை இதுதான்.

வாட்டை நேரடியாக அமைக்கும் வசதி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. அமெரிக்காவின் ஈவால்வ் நிறுவனம் 2010 வாக்கில் டார்வின் என்ற கருவியில் இதைக் கொண்டுவந்தது. காயிலின் மின்தடையைக் கருவியே அளந்து, கேட்ட வாட்டுக்கு வேண்டிய வோல்ட்டைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 12 வாட் வேண்டும் என்றால் 1.8 ஓம் காயிலுக்கு 4.65 வோல்ட், 1.2 ஓமுக்கு 3.8 வோல்ட், 0.8 ஓமுக்கு 3.1 வோல்ட். இழுப்பவர் இதைக் கணக்கிட வேண்டியதில்லை.

2014இல் அதே நிறுவனம் வெப்பநிலைக் கட்டுப்பாட்டை அறிமுகப்படுத்தியது. இந்தத் துறையில் வந்த மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதையே. சில உலோகங்கள் சூடாகும்போது அவற்றின் மின்தடை கணிசமாக ஏறும். நிக்கல் காயில் அறை வெப்பநிலையில் 0.1 ஓம் இருந்தால் 220 டிகிரியில் ஏறக்குறைய 0.22 ஓம் ஆகிவிடும். டைட்டானியம் அதைவிடக் குறைவாகவும், துருப்பிடிக்காத எஃகு இன்னும் குறைவாகவும் ஏறும். ஆனால் அதுவும் அளக்கக்கூடிய ஏற்றமே. கருவி இந்த ஏற்றத்தைக் கண்காணித்து, கம்பி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று ஊகித்து, வரம்பைத் தொட்டவுடன் மின்சாரத்தைக் குறைக்கும். திரி காய்ந்தாலும் வெப்பநிலை எகிறாது. கான்தால் கம்பியின் மின்தடை வெப்பத்தால் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே அதில் இது வேலை செய்யாது. அதை இந்த முறையில் இயக்கவே கூடாது. எந்த உலோகம் என்று தெரியாத காயிலை வெப்பநிலை முறையில் போடுவதும் பயனற்றது. இவ்வளவு நல்ல வழியை இன்றைய மலிவான கருவிகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன என்பது வருத்தத்துக்குரியது.

இனி, அமைப்பது எப்படி என்ற நடைமுறைக்கு வருவோம். காயிலின் மேலேயோ பெட்டியிலோ மின்தடையும், எந்த வாட்டிலிருந்து எந்த வாட் வரை என்ற வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். கம்பித் தடிமன், பரப்பு, திரி, திரவம் உள்ளே புகும் துளைகள் எல்லாவற்றையும் அறிந்தவர் தயாரிப்பவர் ஒருவரே. ஆகவே அந்த வரம்பு எந்த வாய்ப்பாட்டையும்விட நம்பத்தக்கது. அதன் கீழ் எல்லையில் தொடங்க வேண்டும். ஆவி மெலிதாகவும் ஈரமாகவும் வந்து, சொட்டுச் சொட்டாகத் திரவம் வாய்க்கு வந்தால் வாட் போதவில்லை என்று பொருள். அரை வாட், ஒரு வாட் என்று ஏற்றிப் பார்க்கலாம். சுவை தெளிவாக வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மேல் எல்லை என்பது போய்ச் சேர வேண்டிய இடம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது தாண்டக் கூடாத கோடு.

புதுக் காயிலைப் பொருத்தித் திரவம் நிரப்பியவுடன் இழுக்கக் கூடாது. ஐந்து பத்து நிமிடம் திரி ஊறட்டும். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே பருத்தி கருகிவிடும். கருகிய பருத்தி மறுபடி சரியாகாது. அடுத்தடுத்து இடைவெளியின்றி இழுத்தாலும் இதே நிலைதான், திரவம் வந்து சேர நேரம் வேண்டும். கிளிசரின் அதிகமுள்ள திரவம் கெட்டியானது, மெதுவாகவே ஊறும். சிறு துளைகளுள்ள 1 ஓமுக்கு மேற்பட்ட காயில்களுக்குக் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சரிபாதியான கலவை பொருந்தும். எழுபது சதவீதம் கிளிசரின் உள்ளது பெரிய துளைகளுள்ள, ஓம் குறைந்த காயில்களுக்கானது. இனிப்புக்காகச் சுக்ரலோஸ் சேர்த்த திரவங்கள் காயிலில் கரிப்பாகாகப் படியும்; ஒரு வாரத்திலேயே காயில் கறுத்துவிடும். அப்போது சுவை மங்குவதைப் பார்த்துப் பலர் வாட்டை ஏற்றுகிறார்கள். செய்ய வேண்டியது காயிலை மாற்றுவது.

வாட்டைத் திருகும் வசதியே இல்லாத சிறிய கருவிகளில் வேறொரு நிலைமை. அவற்றில் சில பேட்டரியின் மின்னழுத்தத்தை அப்படியே காயிலுக்கு விடுகின்றன. முழுதாக ஏற்றிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் 3.3ஐ ஒட்டி வரும். 1 ஓம் காயில் என்றால் காலையில் 17.6 வாட், மாலையில் 11 வாட். காலையில் தொண்டையைக் கீறுகிறது, மாலையில் ஒன்றுமே வரவில்லை என்றால் திரவத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய கருவிக்குக் காயில் வாங்கும்போது 4.2 வோல்ட்டில் என்ன வாட் வரும் என்று கணக்கிட்டு, அது வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மக்கள் மறந்துவிடுவது நிகோடினை. திரவத்தில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இழுக்கும் விதம், மின்னழுத்தம், திரவத்தின் வலிமை ஆகிய மூன்றும் மாற மாற, 15 இழுப்புகளில் கிடைக்கும் நிகோடின் 50 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. வாட்டைக் கூட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் ஆவியாகும் திரவம் கூடும், அதோடு நிகோடினும் கூடும். ஆகவே சிகரெட்போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடுபவருக்கு 1 ஓமுக்கு மேற்பட்ட காயிலும், 8 முதல் 15 வாட்டும், மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நிகோடினும் பொருந்துகின்றன. 20 என்பது ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 2016 முதல் வைத்திருக்கும் உச்சவரம்பு. நேராக நுரையீரலுக்கு இழுக்கும் 0.5 ஓமுக்குக் கீழான காயில்களில் 40, 60 வாட் என்று போவதால், 3 மில்லிகிராமே போதுமானதாக இருக்கிறது. அதில் 20 மில்லிகிராம் திரவத்தை ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும் நிச்சயம்.

இதன் மறுபக்கம்தான் என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது. நிகோடினைக் குறைப்பது நல்லதுதானே என்று நினைத்துப் பலர் 18 மில்லிகிராமிலிருந்து 6க்கு இறங்குகிறார்கள். உடல் தன் பங்கைக் கேட்கும். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தில் லின் டாக்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 18, 6 என்ற இந்த இரண்டு அளவுகளையே வைத்து, 4 வோல்ட்டில் நிலைநிறுத்திய கருவியையும், விருப்பம்போல் மாற்றக்கூடிய கருவியையும் கொடுத்து 2018இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிகோடின் குறைந்தபோது இழுப்புகள் கூடின, நீண்டன. திரவம் அதிகம் தீர்ந்தது. ஃபார்மால்டிஹைடு உடலுக்குள் போனதற்கான அடையாளமும் கூடியது. திருப்தி போதாதவர் முதலில் கை வைப்பது வாட்டில்தான். என் கருத்தில் அது தலைகீழ் வரிசை. சிகரெட்டை விட முயல்பவருக்கு ஆவி போதவில்லை என்றால், வரம்புக்குள் நிகோடின் வலிமையை உயர்த்தி வாட்டைத் தாழ்வாக வைப்பதே உகந்தது. குறைக்க வேண்டிய காலம் வரும்போது இரண்டையும் ஒருசேரக் குறைக்கலாம். நிகோடினை இறக்கி வாட்டை ஏற்றுபவர் அடிமைத்தனத்தையும் குறைக்கவில்லை, நச்சையும் கூட்டிக்கொண்டார்.

ஓம் குறையும்போது பேட்டரியின் மீது விழும் சுமையையும் கவனிக்க வேண்டும். மின்சுற்று எதுவும் இல்லாமல் பேட்டரியை நேரே காயிலோடு இணைக்கும் மெக்கானிக்கல் கருவிகளில், 0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியரை இழுக்கும். 0.15 ஓம் காயில் 28 ஆம்பியர். 18650 எனப்படும் உருளைப் பேட்டரிகளில் நல்லவை தொடர்ச்சியாகத் தரக்கூடியது 20 ஆம்பியரை ஒட்டித்தான். அதை மீறும்போது பேட்டரி சூடேறி, வாயு கக்கி, வெடிக்கவும் கூடும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் இ-சிகரெட் தீப்பிடித்த, வெடித்த 195 நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. மின்சுற்றுள்ள கருவியில் கணக்கு வேறு. அங்கே பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது காயிலின் ஓம் இல்லை, நீங்கள் கேட்ட வாட். 60 வாட் கேட்டால், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், சுற்றில் வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர் போகும், காயில் 1 ஓமாக இருந்தாலும் 0.2 ஓமாக இருந்தாலும். "ஓம் அதிகம்தானே, பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை இந்தக் கருவிகளில் செல்லாது.

சரியாக அமைத்துவிட்டால் தீங்கே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தபோது, புட்டியில் இருந்த திரவத்தைவிடக் கருவிக்குள் போய் வந்த ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை கூடுதலாக இருந்தன. அவை வந்தது சூடான காயிலிலிருந்து என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. தாழ்ந்த வெப்பநிலை இதைக் குறைக்க உதவலாம், முற்றிலும் போக்காது.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கருவிகளுக்குத் தடை வந்துவிட்டது. அவற்றில் வோல்ட்டும் ஓமும் உள்ளேயே அடைபட்டிருந்தன. வாங்குபவர் எந்த எண்ணையும் பார்த்ததில்லை. இப்போது அவர்களில் பலர் திரவம் நிரப்பும் கருவிக்கு வருகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் காயிலை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் 0.6, 0.8, 1.2 என்ற எண்களை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். விற்பனைக்கு வருமுன் ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதன் ஆவியில் என்னென்ன வெளிவருகின்றன என்ற விவரத்தை அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தயாரிப்பாளர்கள் கொடுத்தாக வேண்டும். அந்தச் சோதனை எந்த வாட்டில் நடந்தது, காயிலில் எந்த உலோகம், எவ்வளவு பரப்பு என்ற மூன்றையும் காயில் பெட்டியிலேயே அச்சிடச் செய்ய வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல்லையும் பழைய வோல்ட் வாய்ப்பாடுகளையும் நம்பி லட்சக்கணக்கானோர் நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கையில், ஏற்கெனவே அளக்கப்பட்ட எண்களை அவர்களிடம் மறைத்து வைக்க ஒரு நியாயமும் இல்லை.